சராசரிக்கு முன் இறந்தவர்

என் அண்ணன் செத்துப்போனதை அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை.

அடக்கம் செய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மருத்துவமனை கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் அம்மாள் தாளை வாங்கினார். பெயரைப் பார்க்கவில்லை, நோயைப் பார்க்கவில்லை, வயதை மட்டும் பார்த்தார். பிறகு விரல் நுனியால் அதை என் பக்கமே தள்ளினார்.

"நாப்பத்தாறெல்லாம் நாங்க எடுக்கறதில்லைங்க."

"செத்தவரும்மா. நாப்பத்தாறுலதான் செத்தாரு."

"அது உங்க பக்கம் சொல்றது. அறுபத்தொம்பதுக்கு மேலன்னா இங்கயே பதிஞ்சு குடுத்துடுவோம். அதுக்குக் கீழன்னா ஆயுள் உயர்வுத் துறைக்குப் போகணும். அடுத்தவங்க வாங்க."

அறுபத்தொன்பது என்பது எங்கள் நாட்டின் சராசரி ஆயுள். பக்கத்து நாட்டுக்காரன் எழுபத்தைந்து வயதுவரை இருக்கிறான், கடல் தாண்டி இருக்கிறவன் எண்பத்துநான்குவரை அசைவதில்லை, நாம் மட்டும் அவசரப்பட்டுப் போய்விடுகிறோம் என்று மேலே யாருக்கோ உறுத்தி, அதற்கென்று தனியாக ஒரு துறையை உண்டாக்கியிருந்தார்கள். சராசரிக்கு முன்பே செத்தவர்களை அந்தத் துறை விசாரித்த பிறகுதான் அவர்கள் செத்தவர்கள்.

எனக்கு அந்தப் பதிவு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நானும் அண்ணனும் ஒரே பட்டறையில் வேலை. சமையல் மேடைக்கும் மாடிப்படிக்கும் கல் பலகை அறுத்து மெருகேற்றித் தருகிற பட்டறை. தண்ணீர் விட்டுக்கொண்டே கல்லை அறுத்தால் தூசி சேறாகிக் கீழே வடிந்துவிடும். தண்ணீர் இல்லாமல் அறுத்தால் வேலை சீக்கிரம் முடியும், தூசி ஆளின் நெஞ்சுக்குள் போகும். எங்கள் முதலாளிக்குச் சீக்கிரம் பிடிக்கும்.

ஒரே பட்டறையில் ஒரே நோயால் ஐம்பது வயதுக்குள் மூன்று பேர் இறந்தால் அரசாங்க ஆய்வாளர் வந்தே ஆகவேண்டும், கல் அறுக்கும் மேடைக்குத் தண்ணீர்க் குழாயும் தூசி இழுக்கும் விசிறியும் போட்டே ஆகவேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. எங்கள் பட்டறையில் முதலில் பாலிஷ்காரர் போனார், நாற்பத்துநான்கு. அடுத்தது நெட்டையன், முப்பத்தொன்பது. அண்ணன் மூன்றாவது.

அண்ணி என்னிடம் கேட்டது இது ஒன்றைத்தான். "அவரு போனது போயிட்டாரு தம்பி. எதனால போனாருன்னு ஒரு தாள்ல இருக்கணும். நீங்க இன்னும் அந்தத் தூசிக்குள்ளதான நிக்கறீங்க."

எனக்கு நாற்பத்துமூன்று. ஒரு வருஷமாகக் காலையில் எழுந்ததும் இருமல் வருகிறது. அதைப் பற்றி நான் வீட்டில் பேசுவதில்லை.

ஆயுள் உயர்வுத் துறையில் என்னை நன்றாக நடத்தினார்கள். அதிலேயே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. அரசாங்க அலுவலகத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே எதிரே வந்தால் நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். வந்தவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தன்னை அனுதாப அலுவலர் என்று சொல்லிக்கொண்டார். ஒரு நிமிஷம் தலையைக் குனிந்து நின்றார். பிறகு ஒரு பேரேட்டைத் திறந்து, 'அனுதாபம் பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். உடனே சிரிப்பை எடுத்து வைத்துவிட்டு என்னை இணை இயக்குநரின் அறைக்குள் விட்டுவிட்டுப் போனார்.

இணை இயக்குநரின் அறையில் சுவர் முழுக்க ஓர் உலகப் படம். நீண்ட நாள் வாழ்கிற நாடுகள் பச்சை, சுமாராக வாழ்கிறவை மஞ்சள், மற்றவை சிவப்பு. எங்கள் நாடு மஞ்சளாக இருந்தது. அடியில் பழைய சிவப்பு லேசாகத் தெரிந்தது.

"பாத்தீங்களா," என்றார் அவர் பெருமையாக. "ஏழு வருஷத்துல ஒம்பது வயசு ஏத்தியிருக்கோம். ஒரு மாத்திரை கூட வாங்காம."

"எப்படிங்க சார்?"

அவர் இந்தக் கேள்விக்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தார் போலிருக்கிறது. எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"ஒரு நாட்டுக்காரன் எண்பத்துநாலு, இன்னொரு நாட்டுக்காரன் அறுபது. ஏன் இந்த வித்தியாசம்? இதைக் கண்டுபிடிக்கறதுக்கு நாங்க பன்னெண்டு பேர் நேராவே போனோம். பச்சை நாடு அஞ்சு, ஒவ்வொண்ணுலயும் ஒரு வாரம். அங்க குழாயைத் திறந்தா தண்ணி வருது, அதை அப்படியே குடிக்கறாங்க. புள்ள பெறப் போறவங்களை மாசாமாசம் நர்ஸ் வீட்டுக்கே வந்து பாக்கறா. பொம்பளைப் புள்ளைங்க எல்லாரும் படிச்சிருக்கு. ரோட்டுல நடக்கறவனுக்குத் தனி மேடை. தொழிற்சாலைக்குள்ள தூசியே இல்ல, எனக்குக் கொஞ்சம் சளி இருந்துது, அதுவே சரியாயிடுச்சு."

"அப்ப அதெல்லாம் இங்கயும் செஞ்சா..."

"அவசரப்படாதீங்க. அதெல்லாம் அவங்க நாட்டுச் சூழ்நிலை. நாம ஆராய்ச்சிக் கண்ணோட பாக்கணும். அங்க வயசானவங்க எல்லாருக்கும் பொதுவா ஒரு விஷயம் இருந்துது. மேடு ஏறி நடக்கறாங்க. வந்த உடனே நம்ம ஏரியா சுகாதார நிலையத்தை மூணாவது மாடிக்கு மாத்தினோம். லிஃப்டை எடுத்துட்டோம். கூட்டம் பாதியா குறைஞ்சுடுச்சு. ஜனங்க ஆரோக்கியமாயிட்டாங்கன்னுதானே அர்த்தம்?"

அந்த மூன்றாவது மாடிக்கு அண்ணனை நான்தான் முதுகில் தூக்கிக்கொண்டு போனேன்.

இணை இயக்குநர் இன்னும் உற்சாகமானார். ஒரே நகரத்துக்குள்ளேயே, ஒரே பஸ்ஸில் இருபது நிமிஷம் போனால், மேட்டுக் குடியிருப்பில் எண்பதுவரை வாழ்கிறார்கள், எங்கள் தெருவில் ஐம்பத்தெட்டுதானாம். அதையும் துறை கவனித்து, எங்கள் தெருவை மேட்டுக் குடியிருப்போடு வரைபடத்தில் சேர்த்துவிட்டதாம். அடுத்த நாளே எங்கள் தெருவின் சராசரி எழுபத்தாறு ஆகிவிட்டது என்றார். தெருவில் யாருக்கும் இந்த நல்ல செய்தி தெரியாது.

"குழந்தைங்கதான் பெரிய தலைவலி," என்று குரலைத் தாழ்த்தினார். "ஒரு கைக்குழந்தை போச்சுன்னா அதை ஈடுகட்ட மூணு தொண்ணூறு வயசுக்காரங்க கூடப் பத்தாது. அதனால இப்ப ஒரு வயசு முடிஞ்சாத்தான் பிறந்ததாவே பதியறோம். அதுக்கு முன்னாடி எல்லாம் பரிசீலனைலதான்."

எங்களுக்கு முதலில் ஒரு பெண் பிறந்து ஐந்தாவது வாரம் போய்விட்டாள். அவள் பிறக்கவே இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். வந்த காரியம் கெட்டுப்போகும் என்று விழுங்கிக்கொண்டேன்.

அவர் அண்ணனின் தாள்களைப் பிரித்தார்.

"வயசு நாப்பத்தாறுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"பள்ளிக்கூடச் சான்றிதழ் இருக்கு சார்."

"அதுல யாரு எழுதினது?"

"தலைமை ஆசிரியர்."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

எனக்கும் அது தெரியும் என்பதுதான் சங்கடம். எங்கள் காலத்தில் பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வரவேண்டும். உண்மையை மறைக்கத் தெரியாமல் இதைச் சொல்லித் தொலைத்தேன்.

இணை இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு நாட்டோட சராசரி ஆயுளை நீங்க காதை வெச்சு முடிவு பண்ணச் சொல்றீங்க. நாங்க விஞ்ஞானபூர்வமாப் பண்றோம். நிபுணர் குழு இருக்கு. பத்து நாள் கழிச்சு வாங்க."

பத்து நாளில் நிபுணர் குழு முடிவுக்கு வந்திருந்தது. மருத்துவமனைத் தாளில் கடைசி நேரத்தில் யாரோ ஒரு டாக்டர், 'நுரையீரல் முதியவருடையதைப் போல் முற்றிலும் சிதைந்துள்ளது' என்று எழுதியிருந்தார். குழு அந்த வரியின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது.

"சான்றிதழ்ல ஆள் பொய் எழுதலாம். நுரையீரல் பொய் சொல்லாது," என்றார் இணை இயக்குநர். "எங்ககிட்ட அட்டவணை இருக்கு. இவ்வளவு சிதைவுன்னா எழுபத்துநாலு வயசு. உங்க அண்ணன் எழுபத்துநாலு வயசு வரைக்கும் வாழ்ந்திருக்காரு. சந்தோஷப்படுங்க."

"சார், அந்தத் தூசியாலதான் நுரையீரல் அப்படி ஆச்சு!"

"எழுபத்துநாலு வயசுல எல்லாருக்கும் அப்படித்தான் ஆகும்."

தாளை நீட்டினார். வயது எழுபத்துநான்கு. காரணம், மூப்பு. நான் அதை வாங்கவில்லை. என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "எங்க அம்மாவுக்கே அறுபத்தாறுதான் சார் ஆகுது!"

அறையில் கணினிக்கு முன்னால் இருந்த பெண் தட்டச்சை நிறுத்தினாள். இணை இயக்குநர் முகத்தில் முதல்முறையாக ஒரு குழப்பம் வந்தது. எனக்கு நம்பிக்கையும் அப்போதுதான் வந்தது. மகனை விட எட்டு வயது சின்னவளான தாயை எந்த அரசாங்கமும் ஒத்துக்கொள்ளாது இல்லையா?

"அப்ப அம்மா வயசும் தப்பாத்தான் இருக்கு," என்றார் அவர். "ஏம்மா, குடும்பப் பட்டியலைத் திற. அண்ணனுக்கு எவ்வளவு கூடுச்சு? இருபத்தெட்டா? அம்மாவுக்கும் இருபத்தெட்டு போடு. இவருக்கும் போடு."

அந்தப் பெண் மூன்று தட்டு தட்டினாள். அம்மாவுக்குத் தொண்ணூற்றுநான்கு ஆனது. எனக்கு எழுபத்தொன்று ஆனது. செத்தவரைப் பதியப் போனவன் சராசரியைத் தாண்டி வெளியே வந்தேன்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "எனக்கு முப்பத்தெட்டு. எழுபத்தொரு வயசுக்காரருக்கா என்னைக் கட்டி வெச்சாங்க?" என்று சிரிக்கத்தான் பார்த்தாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அதுவும் கணக்குல வராதா?" என்று கேட்டாள். நான் இருமலை அடக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

துறை அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த மாதம் பட்டறை வாசலில் புதிதாக ஒரு பலகை மாட்டினார்கள். 'நீண்ட ஆயுள் பணியிடம்' என்று எழுதியிருந்தது. பாலிஷ்காரருக்கும் நெட்டையனுக்கும் முன்பே நுரையீரலை வைத்து வயது குறித்திருக்கிறார்கள். ஒருவருக்கு எழுபத்திரண்டு, இன்னொருவருக்கு எழுபத்தேழு. அண்ணனையும் சேர்த்தால், எங்கள் பட்டறையில் செத்தவர்களின் சராசரி நாட்டின் சராசரியைவிட ஐந்து வருஷம் அதிகம்.

இணை இயக்குநரே வந்து பலகையைத் திறந்து வைத்தார். கல் அறுக்கும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்ததால் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே பேசினார். "எழுபத்தொரு வயசுல இந்தப் பெரியவர் இன்னும் கல் அறுக்கறாரு பாருங்க!" என்று என்னைக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். கூட வேலை செய்கிறவர்களும் தட்டினார்கள், ஏனென்றால் முதலாளி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தத் தூசியில என்ன சத்து இருக்குன்னு நம்ம துறை ஆராய்ச்சி பண்ணப் போகுது. முடிவு வர்ற வரைக்கும் இங்க எதையும் மாத்தக் கூடாது."

முதலாளி பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தண்ணிக் குழாய், தண்ணிக் குழாய்னு கேட்டுட்டே இருந்தியேப்பா. நான் போடலாம்னுதான் இருந்தேன். இப்ப பாரு, அரசாங்கமே கூடாதுன்னுட்டாங்க," என்றார். அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. எனக்கு அந்த வருத்தத்தின் மீதும் சந்தேகம்தான்.

அடுத்து அம்மாவைத் தேடி வந்தார்கள். எங்கள் பகுதியிலேயே மூத்தவர் அவர்தான் என்று பட்டியல் சொன்னதாம். நகராட்சி மண்டபத்தில் பாராட்டு விழா. போக மாட்டேன் என்று அம்மா சொல்வார் என நினைத்தேன். "மைக் குடுப்பாங்களாடா?" என்று கேட்டார். குடுப்பார்கள் என்றேன். "அப்ப வரேன்," என்றார்.

மேடையில் அம்மா விறுவிறு என்று ஏறியதைப் பார்த்தே கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. தொண்ணூற்றுநான்கு வயதில் இப்படியா என்று முன்வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீண்ட நாள் வாழ்வதன் ரகசியம் என்ன, சாப்பாடா, நடையா, மன அமைதியா என்று கேட்டார் இணை இயக்குநர்.

அம்மா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ரகசியம் எல்லாம் ஒண்ணும் இல்லைங்க. என் பெரிய மகன் வாழவேண்டிய வருஷம் இருபத்தெட்டு மிச்சம் கெடந்துது. அதை எடுத்து எம் பேர்ல எழுதிட்டாங்க. எனக்கு வேண்டாம். திருப்பி எடுத்துக்கிட்டு, அவன் எதனால செத்தான்னு மட்டும் எழுதிக் குடுங்க."

எங்கம்மா கேட்டுவிட்டார், இத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டார், இனி இவர்கள் என்ன செய்ய முடியும் என்று நினைத்தேன்.

இணை இயக்குநர் மெதுவாக மைக்கை வாங்கிக்கொண்டார். "கேட்டீங்களா? பிள்ளைங்க அன்புதான் ஆயுளைக் கூட்டுதுன்னு எவ்வளவு அழகா சொல்றாங்க!" கைதட்டல் முன்பைவிடப் பலமாக எழுந்தது. அம்மாவின் தோளில் ஒரு சால்வை விழுந்தது.

அந்தச் சால்வையை அம்மா மண்டப வாசலிலேயே ஒரு நாற்காலி மீது போட்டுவிட்டு நடந்தார். நான் அன்றைக்கே என் வயதைத் திருத்தச் சொல்லி மனு எழுதினேன்.

மனுவுக்கு ஒரு சாட்சி வேண்டும் என்றார்கள். என்னைவிட மூத்த ரத்த உறவு, நான் பிறந்தபோது பக்கத்தில் இருந்தவராக இருக்கவேண்டும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"பெத்தவ நான். எனக்குத் தெரியாதா?" என்றார் அம்மா.

"தெரியும்மா, ஆனா உங்களுக்குத் தொண்ணூத்துநாலு ஆகுது," என்றாள் கணினிப் பெண் பரிவோடு. "எண்பத்தஞ்சுக்கு மேல ஞாபகசக்தியை நாங்க ஏத்துக்கறதில்ல."

நான் அங்கேயே கத்தியிருப்பேன். அதற்குள் இணை இயக்குநர் வெளியே வந்து என் தோளில் கையைப் போட்டார். "எதுக்குப் பெரியவரே கோவப்படறீங்க? விஞ்ஞானம் எல்லாருக்கும் பொதுதானே. உங்களுக்கு நாப்பத்துமூணுன்னா உங்க நுரையீரலே சொல்லிடும். எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க. நாப்பத்துமூணுன்னு வந்துச்சுன்னா அப்படியே மாத்திடறேன். உங்களுக்கு மாத்தினா பட்டியல்ல உங்க அண்ணனுக்கும் தானா மாறிடும். நாப்பத்தாறு ஆயிடும்."

அண்ணனுக்கு நாற்பத்தாறு ஆகிவிட்டால், அதைக் காட்டிப் பாலிஷ்காரர், நெட்டையன் வயதையும் திருத்தக் கேட்கலாம், மூன்று சாவும் கணக்கில் வந்துவிடும். ஆய்வாளர் வருவார், தண்ணீர்க் குழாய் வரும். என் நுரையீரல் சுத்தமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாக ஒரு வழியைக் காட்டுகிறாரே, இதில் என்ன சூழ்ச்சி என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. எக்ஸ்ரே படத்தை மாற்றிவிடுவார்கள். அதைத்தான் செய்வார்கள். எனக்குத் தெரியாத ஆட்களா?

பத்து நாள் பட்டறைக்கு லீவு சொன்னேன். காலையிலும் மாலையிலும் ஆற்றோரமாக நடந்து காற்றை இழுத்து இழுத்து விட்டேன். வெந்நீரில் ஆவி பிடித்தேன். இருமல் குறைந்த மாதிரி இருந்தது. மனைவி எதற்கு என்று கேட்கவில்லை. வேளாவேளைக்கு வெந்நீர் மட்டும் போட்டுக் கொடுத்தாள்.

துறை சொன்ன இடத்தில் நான் எக்ஸ்ரே எடுக்கவில்லை. நகரத்தின் அந்தக் கோடிக்குப் போய், கண்ணில் பட்ட நான்காவது நிலையத்துக்குள் நுழைந்தேன். யார் சொல்லியும் யாரும் எனக்கு எதிராக எதுவும் செய்துவிடக் கூடாது என்று, கல் பட்டறையில் வேலை என்பதைக்கூடச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறேன் என்றேன். மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன். படம் கழுவி வந்ததும் அதன் ஓரத்தில் ஆணியால் சின்னதாக ஒரு கீறல் போட்டுக்கொண்டேன். படம் எடுத்தவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மணியா அடிக்கறீங்க?" என்றார்.

"ஆமா."

அவர் படத்தை உறையில் போட்டு, வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டார்.

படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நேராகத் துறைக்குப் போனேன். நிபுணர் குழுவில் மூன்று டாக்டர்கள். மூவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்துத்தான் படத்தைக் காட்டுவேன், ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் விழக்கூடாது, படம் ஒரு நொடிகூட என் கண்ணை விட்டுப் போகக்கூடாது என்று சண்டை பிடித்தேன். இணை இயக்குநர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். மூன்று அறைக்கும் நானே படத்தைத் தூக்கிக்கொண்டு போனேன், நானே திரும்ப வாங்கினேன். ஒவ்வொரு முறையும் கீறலைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

மூன்று பேரும் அட்டவணையைப் பார்த்து ஒரே எண்ணைத்தான் எழுதினார்கள்.

"எழுபத்தெட்டு!" என்றார் இணை இயக்குநர். தாளை எடுத்துக்கொண்டு கணினிப் பெண்ணிடம் ஓடினார். "நாம எழுபத்தொண்ணுன்னு குறைச்சுப் போட்டுட்டோம், பாரு. அண்ணன் கோப்பு முடிஞ்சுபோச்சு, அது எழுபத்துநாலுலயே இருக்கட்டும். இனிமே அண்ணன் தம்பில இவருதான் மூத்தவர்." என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துக்கள் பெரியவரே. உங்களை மாதிரி நூறு பேர் இருந்தா நாட்டைப் பச்சையாக்கிடுவேன்."

நான் கீறலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். படம் என்னுடையதுதான். எடுத்த இடத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். டாக்டர்களைப் பிரித்து வைத்ததும் நான்தான். இந்தத் துறை அதன் வாழ்நாளில் மோசடி இல்லாமல் செய்த ஒரே வேலை அதுவாகத்தான் இருக்கும், அதையும் நானே பக்கத்தில் நின்று செய்ய வைத்திருந்தேன். சந்தேகப்பட எனக்கு இனி எதுவும் மிச்சமில்லை.

வீட்டுக்கு நடந்தேதான் வந்தேன். அண்ணியும் என் மனைவியும் வாசலில் நின்றிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாய் வராது என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அண்ணி மட்டும், "விடுங்க தம்பி, வேற வழி பாக்கலாம்," என்றார். இருவரும் உள்ளே போய்விட்டார்கள்.

அம்மா அடுப்பங்கரையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"எவ்வளவுன்னு சொன்னாங்க?"

"எழுபத்தெட்டாம்மா." எப்படியோ சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். "நாட்டுக்கு நல்லதாம்."

அம்மாவின் கையில் முறம் நின்றது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"செத்தப்ப அவனுக்கே எழுபத்துநாலுதானேடா சொன்னாங்க," என்றார்.